சக்‌ஷன் இழுக்கிறதா என்று பார், தங்கச்சி

நம்முடையது வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறையாத வருஷங்களில் திருச்சுழி, நரிக்குடிப் பக்கமிருந்து மில் பஸ் ஏறி அருப்புக்கோட்டை நூற்பாலைகளுக்கு வரும் பிள்ளைகள் நிறைய. புதிதாய்ச் சேரும் உனக்கு அறுந்த இழையை ஒட்ட மேஸ்திரி கற்றுத்தருவார். காற்றைப் பற்றி அக்கா சொல்கிறேன். உன் நெஞ்சு நன்றாக இருப்பது அதில்தான் இருக்கிறது.

வீட்டு ஃபேன் பின்னால் இருக்கும் காற்றை முன்னால் தள்ளும். சக்‌ஷனுக்கு ஓடும் ப்ளோயர் வேறு ரகம். காற்று சக்கரத்தின் நடுவில் நுழையும். சுழலும் பிளேடுகள் அதை விளிம்புக்கு வீசும், மிக்ஸி சுற்றும்போது சட்னி ஜாரின் சுவரில் போய் அப்புவது போல. விளிம்பை விட்ட காற்று, போகப்போக அகலும் கூட்டுக்குள் வேகம் தணிந்து அழுத்தம் ஏறி, பக்கவாட்டில் வெளியேறும். நடுவில் காலியான இடத்துக்கு அடுத்த காற்று ஓடிவரும். அந்த ஓட்டம்தான் சக்‌ஷன். நீளக் குழாய், ஃபில்டர் என்று எத்தனை தடை இருந்தாலும் இது சமாளிக்கும். அதனால்தான் ப்ளோ ரூமில் பஞ்சைக் குழாய்வழி அனுப்பவும், கார்டிங் தூசியை இழுக்கவும் இதை வைக்கிறார்கள். சிமெண்ட் ஆலைச் சூளையின் புகையை இழுப்பதும் இதே இனம். கொல்லுப்பட்டறையில் கருவேலங்கரியை ஊதும் கைச்சக்கரமும் இதே இனம்.

ஸ்பின்னிங்கில் இழை அறுந்தால், வரும் பஞ்சு ரோலருக்குக் கீழே உள்ள சக்‌ஷன் துளைக்குள் போக வேண்டும். அடிக்கடி ரோலரில் சுற்றிக்கொண்டால் இழுவை குறைந்திருக்கலாம். பெரும்பாலும் ஃபில்டர் வலையில் பஞ்சு அடைத்திருக்கும். ஷிப்ட் முடியட்டும் என்று காத்திராமல் உடனே சொல். வலை அடைத்தால் மோட்டாரின் ஆம்பியர் ஏறாது, இறங்கும். போகிற காற்று குறைந்துவிட்டதே! ஆம்பியர் குறைவாகக் காட்டுகிறது, எல்லாம் சரி என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதே.

இதைவிட ஏமாற்றும் கோளாறு ஒன்று உண்டு. மோட்டாரைக் கழற்றி மாட்டும்போது வயர் மாறிவிட்டால் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். வீட்டு ஃபேன் என்றால் காற்றே திரும்பிவிடும், உடனே தெரியும். ப்ளோயரில் காற்று அதே வழியில்தான் வரும், ஆனால் வெகுவாகக் குறைந்து வரும். ரிப்பேருக்குப் பிறகு இழுவை மந்தமாக இருந்தால், கூட்டின் மேலுள்ள அம்புக்குறியைப் பார்க்கும்படி ஃபிட்டரிடம் கேள்.

ஸ்விட்சை அணைத்தாலும் சக்கரம் சட்டென்று நிற்காது. முழுக்க நிற்கும்வரை கதவைத் திறக்காதே. துப்பட்டாவையும் சடையையும் இறுக்கிக் கட்டிக்கொள். புதிதாய் ஓர் அதிர்வு தெரிந்தால் பிளேடில் பஞ்சும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒருபக்கமாகப் படிந்திருக்கலாம்.

கரண்ட் மிச்சம் பிடிக்க ப்ளோயர் வேகத்தைக் குறைப்பார்கள். வேகம் 20 சதவீதம் குறைந்தால் மின்செலவு ஏறக்குறைய பாதியாகும். அதே சமயம் இழுக்கும் அழுத்தம் 64 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அளந்து பார்த்துக் குறைத்தால் நல்லது. அளக்காமல் குறைத்தால் அந்தத் தூசி உன் மூச்சுக்குள்தான் போகும். தூசியை அது கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சி எடுக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவே சொன்னது. ஆகவே சக்‌ஷன் கேட்பது சலுகை கேட்பதாகாது.

வார விடுமுறை முடிந்து வேலைக்கு வரும் முதல் நாள் நெஞ்சு இறுக்கி, இருமல் வந்து, அடுத்த நாள் தணிகிறதா? சளி என்று விட்டுவிடாதே. பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் இப்படித்தான் தொடங்கும். தொழில்நோய்ப் பட்டியலில் உள்ள நோய் அது. மாஸ்க் போடு, ஆனால் மாஸ்க் சக்‌ஷனுக்கு மாற்று ஆகாது. ஈ.எஸ்.ஐ. டாக்டரிடம் போனால், எந்த டிபார்ட்மெண்டில் எத்தனை வருஷமாக வேலை பார்க்கிறாய் என்பதை முதலில் சொல்.