கிளட்ச் பிளேட் மாற்றும்போது ஃபிளைவீலையும் பாருங்க!



கடன் வாங்கி வண்டி எடுத்திருக்கிறோம். ஆலத்தூர் பக்கம் சின்ன வெங்காயம் ஏற்றினாலும், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி ஏற்றினாலும், காரை வாடகைக்கு விட்டாலும், வண்டி ஒர்க் ஷாப்பில் நின்றால் வருமானமும் நின்றுவிடும். தவணை நிற்காது. ஓட்டுவது டிரைவர், பழுது பார்ப்பது மெக்கானிக், பில் கட்டுவது நாம்தானே! அதனால் கிளட்ச் பற்றி நாமும் தெரிந்துகொள்வோம்.

கிளட்ச் என்ன செய்கிறது?

தையல் மெஷினை நினைத்துப் பாருங்கள். பாபினில் நூல் சுற்றும்போது கைச்சக்கரத்தின் நடுத் திருகைத் தளர்த்துகிறோம். சக்கரம் சுற்றும், ஊசி இறங்காது. திருகை இறுக்கினால் ஊசி ஓடும். வண்டியிலும் இதே கதைதான். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான இரும்புச் சக்கரம்தான் ஃபிளைவீல். அதன் முகத்தோடு கிளட்ச் பிளேட்டை பிரஷர் பிளேட் அழுத்திப் பிடிக்கும்போது இன்ஜின் சக்தி கியர் பாக்சுக்குப் போகிறது. பெடலை மிதித்தால் பிடி விடுகிறது.

பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது?

* இன்ஜின் இரையுது, ஆனா வண்டி இழுக்க மாட்டேங்குது. கருகிய வாடையும் வருது. இது பிளேட் வழுக்குவதன் அடையாளம்.
* கிளம்பும்போது வண்டி உதறுது.
* கியர் விழ மாட்டேங்குது. இதற்கு உடனே பிரித்துவிட வேண்டாம். கிளட்ச் கேபிள் அட்ஜஸ்ட்மென்டை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கேபிள் இல்லாத வண்டியில் கிளட்ச் ஆயிலைப் பார்க்க வேண்டும்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்க வேண்டும்?

கியர் பாக்ஸை இறக்கினால்தான் கிளட்சைப் பார்க்க முடியும். இறக்கி ஏற்றும் கூலி அதிகம். ஆகவே ஒரே தடவையில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

1. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுவதே லாபம்.
2. ஃபிளைவீல் முகத்தில் கீறல், வெடிப்பு, சூட்டால் நீலம் பாரித்த திட்டு இருக்கிறதா? லேசான கீறல் என்றால் கம்பெனி சொன்ன அளவுக்குள் லேத்தில் சீவலாம். ஆழமான வெடிப்பு என்றால் மாற்றத்தான் வேண்டும். மேடு பள்ளமான முகத்தில் புது பிளேட்டை மாட்டினால் வண்டி மறுபடியும் உதறும், பிளேட்டும் சீக்கிரம் தேயும். சில புது டீசல் கார்களில் இரண்டு பகுதியாகச் செய்த ஃபிளைவீல் இருக்கும். அதைச் சீவக் கூடாது.
3. இன்ஜின் ஆயில் சீல் கசிகிறதா? கசிந்தால் அதையும் மாற்றுங்கள். புது பிளேட்டில் எண்ணெய் பட்டால் அதுவும் வழுக்கும்.
4. கழற்றிய பழைய சாமான்களையும் பில்லையும் கேட்டு வாங்குங்கள்.

டிரைவரிடம் சொல்ல வேண்டியது

கிளட்ச் பெடல் மேலேயே காலை வைத்து ஓட்டக் கூடாது. அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் நிற்கும்போது நியூட்ரலில் போடணும். பச்சைமலை ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தணும், அரை கிளட்சில் பிடிக்கக் கூடாது. அளவுக்கு மேல் பாரம் ஏற்றச் சொல்லி நாமும் அவசரப்படுத்தக் கூடாது.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டிப் பேசுங்கள். வண்டி வருமானத்தில் மாதாமாதம் ஒரு தொகையை ரிப்பேருக்கென்று தனியாக எடுத்து வைக்கத் தீர்மானம் எழுதுங்கள். அப்படிச் செய்தால் கிளட்ச் தேயும்போது தவணைப் பணத்தில் கை வைக்க வேண்டியிருக்காது.