படிக்க ஓர் இடம்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அமிர்தியில் எங்களுக்கு ஒற்றை அறை வீடு. ஆகவே கல்லூரியிலேயே படிக்க இடம் தேட வேண்டியதாயிற்று. பூரண அமைதி எங்குமில்லை. அது தேவையுமில்லை என்பேன். சலாமே, பேட்லி என்னும் உளவியலார் 1982-இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணால் பார்த்த எண்களை வரிசை மாறாமல் நினைவிலிருந்து எழுதச் செய்தனர். அப்போது காதில் விழுந்த பேச்சு நினைவைக் கெடுத்தது. பொருளற்ற சொற்களுங்கூடக் கெடுத்தன! வெறும் இரைச்சல் அவ்வாறு கெடுக்கவில்லை.

ஆதலால் நண்பர்களே, நூலகத்தில் பக்கத்து மேசைக் கிசுகிசுப்பைவிட மோட்டார் அறைக்குப் பின்னுள்ள வேப்பமரத்தடியே மேல். மோட்டார் ஓடட்டும், சூத்திரங்கள் மனத்தில் நிற்கின்றன. மாலைப் பஸ்ஸுக்கு முன் ஒரு மணி நேரம் அங்கே கிடைக்கிறது. மழைக்காலத்துக்குத்தான் இன்னும் இடம் பார்க்கவில்லை.