புகை செல்லும் வழி

தூத்துக்குடிக்கு வடக்கே, முத்துக்குளித்துறைக் கடற்கரையில் அமைந்த ஊர் வேம்பார். பனைகள் மலிந்த அவ்வூர்ப் பகுதியில் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குதல் வழிவழியாக வந்த தொழிலாகும். அடுப்பின்முன் அமர்வோர் காற்றின் திசையறிந்தே இடங்கொள்வர். காற்று மாறிப் புகை கண்ணைக் கரிக்குமாயின் சற்றே விலகி அமர்வர். விலகி அமர இடமே இல்லாதவர் யாது செய்வர்? 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் விமானம் செலுத்தியோர் அந்நிலையிலேயே இருந்தனர்.

அக்காலப் போர் விமானங்களுட் பல, ஒன்றன்மேல் ஒன்றாக ஈரடுக்குச் சிறகுகள் உடையவை. மரச்சட்டங்களின்மேல் துணி போர்த்து, எளிதில் தீப்பற்றும் நெய்ப்பூச்சைப் பூசியிருப்பர். பெரும்பாலனவற்றில் பொறி முன்னே இருக்கும். விமானி மேல்மூடியில்லாத இருக்கையில் அதன் பின்னே அமர்ந்திருப்பார். ஆதலின் பொறி கக்கிய புகை அவர் முகத்தை நோக்கியே வந்தது. அதில் கலந்துள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு நிறமும் மணமும் அற்றது. மயக்கந்தந்து உயிரையும் போக்க வல்லது. குழாயின் வாயில் எழும் சுடரோ, இரவில் விமானியின் கண்ணைக் கூசச் செய்யும். அவர் இருக்குமிடத்தைப் பகைவர்க்கும் காட்டிக்கொடுக்கும்.

குழாயை நீளமாக அமைத்தால் போதாதோ எனின், போதாது. நீண்ட குழாயால் எடை மிகும். அது குறுகியும் வளைந்தும் இருப்பின் புகை தடைப்பட்டுப் பொறியின் ஆற்றல் குன்றும். எனவே பொறிக்கேற்ப வெவ்வேறு வழிகளை வகுத்தனர்.

1915 இறுதியில் இந்தியாவிற்கு வந்த 31ஆம் விமான அணி, பி.ஈ. 2 சி என்னும் விமானங்களைக் கொண்டிருந்தது. அவ்வகை விமானங்கள் பலவற்றில் இரு குழாய்கள் மேற்சிறகுக்கும் மேலாக நிமிர்ந்து நின்றன. புகை தலைக்குமேல் கடந்து சென்றது. சாப்வித் கேமல் என்பதிலோ பொறியே சுழலும். அதற்கு ஆமணக்கெண்ணெய் இடுவர். எரியாத எண்ணெய் புகையோடு சிதறுமாதலால், பொறியைச் சுற்றித் தகட்டுறை அமைத்து, அதன் அடியைத் திறந்துவிட்டனர். அங்ஙனம் செய்தும் விமானியர் எண்ணெய்த் துளிகளினின்று முற்றும் தப்பவில்லை.

எஸ்.ஈ. 5 ஏ என்னும் விமானத்தில் பொறியின் இருபுறத்துப் புகையும் இரு நீண்ட குழாய்களிற் கூடி, விமானியின் இருக்கைக்கும் பின்னே சென்று வெளிப்பட்டது. கல்கத்தாவில் 1898இல் பிறந்த இந்திரலால் ராய் அத்தகைய விமானத்தைச் செலுத்தியே 1918 ஜூலைத் திங்களில் இரு வாரத்திற்குள் பத்து வெற்றிகள் பெற்றார். அத்திங்கள் 22ஆம் நாள் வான்போரில் வீழ்ந்தபோது அவருக்கு அகவை பத்தொன்பதே. புகையினின்று காத்த குழாய், பகைவர் குண்டினின்று காக்க வல்லதன்று. எனினும், போர்முனையில் கண்ணும் மூச்சும் தெளிந்திருக்க அது துணைநின்றது.

ஆற்றலைப் பிறப்பிப்பதோடு பொறியாளர் கடமை முடிவதில்லை. அவ்வாற்றல் விட்டுச்செல்லும் கழிவு எவர்மேற் படும் என முன்னரே எண்ணுதலும் அவர் கடமையே. அடுப்புக்கும் ஊர்திக்கும் ஆலைக்கும் இவ்வுண்மை பொதுவாம்.