சாரதா மேனன் அம்மையார்

கண்ணில்லார்க்கும் காலில்லார்க்கும் இரங்குவோர் பலர், சித்தம் கலங்கினாரைக் கண்டால் நகைக்கின்றனர், அன்றேல் கதவடைக்கின்றனர். அக்கதவைத் திறப்பிக்க உழைத்தவர் சாரதா மேனன் அம்மையார். 1923-இல் மங்களூரில் பிறந்து, சென்னையில் மருத்துவம் கற்று, பெங்களூரில் மனநோய் மருத்துவம் பயின்ற இவர், நம் நாட்டில் அத்துறையின் முதற் பெண் மருத்துவர் எனப் போற்றப்படுபவர். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் அரசினர் மனநோய் மருத்துவமனைக்குத் தலைமை பூண்டார்.

அந்நாளில் தமிழ்நாட்டில் அரசினர் மனநோய் மருத்துவமனை அஃது ஒன்றே. அன்னூரில் ஒருவர்க்குச் சித்தம் பேதலிப்பின், ஏறத்தாழ 500 கிலோமீட்டர் கடந்து சென்னைக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. மந்திரித்தும் கயிறு கட்டியும் சலித்த பின்னரே அப்பயணம் நிகழும் என்பதை நம் கொங்கு நாட்டார் அறிவர். அங்கு விட்டு வந்தவரை மீட்டழைக்க வழிச்செலவு இராது; அழைத்தால் அயலார் என் சொல்வரோ என்னும் அச்சமும் தடுக்கும். எனவே மாவட்ட மருத்துவமனைகள்தோறும் மனநோய்ப் பிரிவு அமைய அம்மையார் முயன்றார். 1992-இல் பெற்ற பத்மபூஷண் விருதினும் இதனையே நாம் பெரிதாக மதிக்கின்றோம். கோயம்புத்தூர் அரசினர் மருத்துவமனையிலேயே இன்று இம்மருத்துவம் கிடைக்கின்றது.

நோய் தணிந்தபின் என் செய்வது? மாற்கு சுவிசேஷம் ஐந்தாம் அதிகாரத்தில், சங்கிலிகளை முறித்துக் கல்லறைகளிடையே திரிந்தவன், தெளிவுற்றபின் தன் இனத்தாரிடம் அனுப்பப்படுகின்றான். அவர்கள் அவனை ஏற்றனரோ என்று நாம் வினவுவதில்லை. அம்மையார் வினவினார். மருத்துவமனையிலேயே கைத்தொழில் பயிற்ற வழி செய்தார். ஓய்வு பெற்ற பின்னர், 1984-இல், சென்னையில் ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அங்கு மருந்தோடு தொழிற்பயிற்சியும், குடும்பத்தார்க்கு நோயின் இயல்பை விளக்கும் அறிவுரையும் அளிக்கப்பெறுகின்றன.

1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் மனநோயும் சேர்க்கப்பட்டது. அதற்கென வாதாடினோருள் இந்நிறுவனத்தாரும் உளர். தம் மகனை ஊனமுற்றோன் என எழுதிக்கொடுக்கப் பெற்றோர்க்கு மனம் கூசுதல் இயல்பே. ஆயினும் அச்சான்றிதழ் இன்றேல் உதவித்தொகையை இரந்து பெறலாமேயன்றி உரிமையாகக் கேட்டல் இயலாது. 2016-ஆம் ஆண்டின் சட்டமும் குறைபாடு நூற்றுக்கு 40 பங்கேனும் உள்ளார்க்கே பல சலுகைகளை வழங்குகின்றது.

சட்டம் வந்தும் சங்கிலி உடனே அகலவில்லை. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், காப்பகம் ஒன்றில் தீப்பற்றி நோயாளர் 28 பேர் மாண்டனர். சங்கிலியாற் பிணித்திருந்தமையால் அவர்க்குத் தப்ப வழியில்லாது போயிற்று. நோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் விதித்தது. அம்மையார் அப்போது தொண்ணூற்றைந்தாம் அகவையை நெருங்கிக்கொண்டிருந்தார்; 2021 டிசம்பரில், தம் 98-ஆம் வயதில், சென்னையில் காலமானார்.