இதயத்திற்கு ஒரு துணை

மனித உடலில் ஓய்வென்பதை அறியாத உறுப்பு இதயம். மூடிய கையளவே ஆன அது, நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை துடிக்கின்றது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதியைச் செலுத்துகின்றது. அதன் நான்கு அறைகளுள் இடக் கீழறையே வலிமை மிக்கது. நுரையீரலினின்று உயிர்வளி பெற்று வந்த குருதியைப் பெருந்தமனி வழியாக உடலெங்கும் அனுப்புவது அவ்வறையே.

மாரடைப்பாலோ, நெடுநாள் இரத்தக் கொதிப்பாலோ அவ்வறை நலியுமாயின் துன்பம் பெரிது. பத்தடி நடந்தாலும் மூச்சு வாங்கும், கால்கள் வீங்கும், படுத்தால் மூச்சுத் திணறும். மருந்துகள் பயன்படாதபோது, இறந்த ஒருவரின் இதயத்தைப் பொருத்துதல் ஒரு வழி. ஆயின், இதயம் வேண்டுவோர் பலர். கிடைக்கும் இதயங்களோ சில. முதியோர்க்கும் பிற நோயுடையோர்க்கும் பெரும்பாலும் அவ்வழியும் இல்லை. இத்தகையோரைக் காக்கும் வழி யாது என்னும் வினாவே அறிஞர்களை இயந்திரத்தின்பால் திருப்பியது.

அவர்கள் இரு நெறிகளில் முயன்றனர். இதயத்திற்குத் துணைசெய்தல் ஒன்று. இதயத்தை அகற்றி வேறொன்றை வைத்தல் மற்றொன்று. 1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மருத்துவர் மைக்கேல் டிபேக்கி முன்னதைக் கைக்கொண்டார். இதய அறுவைக்குப்பின் தானே இயங்க வலியற்றிருந்த ஒரு பெண்ணின் இதயத்திற்கு, குருதியை இறைக்கும் பொறி ஒன்றைத் துணையாக அமைத்தார். பத்து நாள்களில் அவ்விதயம் தெளிவுற்றது, பொறி அகற்றப்பட்டது, அப்பெண் நலமுடன் இல்லம் திரும்பினார்.

1982ஆம் ஆண்டு யூட்டா மாநிலத்தில் மருத்துவர் வில்லியம் டிவ்ரீஸ் பின்னதை மேற்கொண்டார். பார்னி கிளார்க் என்னும் 61 வயதுப் பல் மருத்துவர், இடர்களை அறிந்தே அதற்கு இசைந்தார். செயற்கை இதயத்துடன் அவர் 112 நாள் உயிர் வாழ்ந்தார். ஆயினும், பெரியதொரு காற்றழுத்தப் பொறியுடன் குழாய்களாற் பிணைக்கப்பட்டிருந்தமையாலும், அடுத்தடுத்து வந்த கேடுகளாலும் அவர் பெரிதும் துன்புற்றார்.

துணைப்பொறியோ படிப்படியாகச் சீர்பெற்றது. மார்பைத் திறந்து, பொறியின் வாயை இடக் கீழறையின் நுனியிற் பொருத்துவர். அதிலிருந்து செல்லும் குழாயைப் பெருந்தமனியோடு தைப்பர். ஒரு கம்பி வயிற்றுத் தோலின் வழியே வெளிவந்து, இடுப்பிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவியோடும் மின்கலங்களோடும் இணையும். 2001ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், மருந்து மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 25 பேரும், துணைப்பொறி பெற்றோருள் 52 பேரும் ஓராண்டு கடந்து வாழ்ந்தமை தெரிந்தது.

முற்காலப் பொறிகள் இதயத்தைப் போலவே துடித்தன. அதனால் விரைவில் தேய்ந்தன. 'குருதி துடித்துத்தான் செல்லவேண்டுமோ?' என வினவிய அறிஞர், இடையறாது சுழலும் சிறு சக்கரத்தை அமைத்தனர். இப்பொறியுடையார் பலரின் மணிக்கட்டில் நாடி தென்படாது. எனினும், அவர் நடப்பார், உண்பார், உரையாடுவார்! இக்காலப் பொறியில் அச்சக்கரம் காந்த விசையால் எதனையும் தொடாது மிதந்து சுழல்கின்றது. இவ்வகைப் பொறி பெற்றோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 58 பேர் ஐந்தாண்டு வாழ்ந்ததாக 2022ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டிற்று.

எனினும் இவ்வாழ்வு எளிதன்று. பொறியிற் குருதி உறையாதிருக்க நாள்தோறும் மருந்து உண்ணல் வேண்டும். அம்மருந்தே குருதிப்போக்கை விளைத்தலும் கூடும். கம்பி வெளிவரும் இடத்தில் நோய்க்கிருமி புகாமற் காத்தல் வேண்டும். ஆற்றிலும் குளத்திலும் நீந்தலாகாது. மின்கலம் தீருமுன் மாற்றல் வேண்டும். நோயாளி உறங்கும்போதும் இல்லத்தார் பொறியின் எச்சரிக்கை ஒலிக்குச் செவிகொடுத்தல் வேண்டும். ஆதலின், அறுவைக்கு முன்னரே மருத்துவர் நன்மை தீமை இரண்டனையும் நோயாளிக்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் எடுத்துரைப்பர். ஏற்பதும் மறுப்பதும் நோயாளியின் உரிமை.

இப்பொறி நலிந்த இதயத்தை அகற்றுவதில்லை. அதன் சுமையிற் பெரும் பங்கைத் தான் ஏற்கின்றது. அப்பொறி நில்லாது சுழல மின்கலத்தோடு மனிதரின் விழிப்பும் அன்பும் வேண்டும்.