பழைய ரோட்ஸ்டரில் வரும் சத்தம்: எதற்கு எந்த மருந்து?

மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறை 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் வெளிவந்தது. 1997 வரை ஹிரோஷிமாவில் தயாரானது. ஆக, அந்தத் தலைமுறையின் கடைசி வண்டிக்கே இன்று கால் நூற்றாண்டுக்கு மேல் வயது. டொராண்டோவில் நான் ஓட்டுவது 1991ஆம் ஆண்டு வண்டி. எஞ்சின் ஒரு குறையும் சொல்லாமல் ஓடுகிறது. உள்ளேதான் ஓயாத சத்தம். மேலே இரும்புக் கூரை இல்லாத வண்டி என்பதால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் உடல் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். கதவுக் கண்ணாடியைச் சுற்றிச் சட்டமும் கிடையாது. முப்பது வருடமாக முறுகி முறுகி எல்லா இணைப்பிலும் ஆட்டம் வந்துவிட்டது.

இதற்குக் கடையில் ஃபெல்ட் டேப், ஃபோம், சிலிகோன் கிரீஸ், பியூட்டில் ஷீட், அடியில் பூட்டும் பிரேஸ் என்று ஏகப்பட்ட மருந்துகள் இருக்கின்றன. எதை வாங்குவது என்பதை நோயைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். பெரும்பாலானவர்கள் மருந்தை வாங்கிவிட்டு நோயைத் தேடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

சத்தம் இரண்டு வகை. ‘கிறீச்’ என்பது உராய்வு. இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று பிடித்து, நழுவி, மறுபடி பிடிப்பதால் வருவது. வயலின் வில் தந்தியில் செய்யும் அதே வேலை. ‘கடகட’ என்பது இடைவெளி. லூஸான ஒரு பொருள் பக்கத்தில் இருப்பதை அடிக்கிறது. உராய்வுக்கு வழுக்கல் வேண்டும், அல்லது நடுவே துணிபோல ஒன்று வேண்டும். இடைவெளிக்கு இறுக்கம் வேண்டும். கடகடவென்று அடிக்கும் இடத்தில் கிரீஸ் தடவி ஒரு பயனும் இல்லை.

தேடும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். முதலில் வண்டியைக் காலிசெய்யுங்கள். கையுறைப் பெட்டி, கதவுப் பை, டிக்கியில் இருக்கும் ஜாக்கி, சில்லறைக் காசு எல்லாம் வெளியே வரட்டும். ஜாக்கி ஒன்றே பல பேரை ஏமாற்றியிருக்கிறது. பிறகு ஒருவர் ஓட்ட, மற்றவர் ஒவ்வொரு பாகமாகக் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். எந்த இடத்தைப் பிடித்தால் சத்தம் நிற்கிறதோ அதுதான் இடம். ஒரு கோடை முழுவதும் டாஷ்போர்டுக்குள் ஏதோ கிறீச்சிடுகிறது என்று நம்பி, நடுவிலிருக்கும் ரேடியோ பலகையை மூன்று முறை கழற்றி மாட்டினேன். கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த தம்பி ஒருவன் கையை மேலே நீட்டினான். “அண்ணை, டாஷ்போர்டு இல்லை. இஞ்ச மேலை பாருங்கோ, கொக்கியைப் பிடிச்சா நிக்குது” என்றான். சாஃப்ட் டாப்பை முன்கண்ணாடிச் சட்டத்தோடு பூட்டும் கொக்கி அது. சத்தம் தகரத்தின் வழியே இறங்கி வந்து டாஷ்போர்டில் கேட்டிருக்கிறது. காதை நம்பாதீர்கள், கையை நம்புங்கள்.

இனி மருந்துகளுக்கு வருவோம். என் கணக்கில் முதலிடம் எதற்கும் ஆகாதது போலத் தெரியும் புது கிளிப்புக்கும் ஸ்க்ரூவுக்கும்தான். பழைய வண்டியை முன்னால் கழற்றியவர்கள் நான்கு ஸ்க்ரூவில் இரண்டைத்தான் திரும்பப் போட்டிருப்பார்கள். கதவுப் பலகையின் பிளாஸ்டிக் கிளிப்புகளில் பாதி உடைந்திருக்கும். அவற்றை மாற்றாமல் டேப் ஒட்டுவது, அறுந்த பொத்தானைத் தைக்காமல் சட்டைக்கு இஸ்திரி போடுவது போல.

அடுத்தது ஃபெல்ட் டேப்பா, ஃபோமா? நான் டேப் பக்கம். கார் ஒயர்களைச் சுற்றுவதற்கென்றே செய்யப்படும், பஞ்சுபோன்ற மெல்லிய துணி டேப் இருக்கிறது. டெசா 51608 அந்த வகை. கையாலேயே கிழிக்கலாம். மெல்லியது என்பதால் பலகை தன் இடத்தைவிட்டு நகராது. டாஷ்போர்டும் நடுப் பலகையும் தொடும் விளிம்பு, கன்சோல் ஓரம், உள்ளே தளர்ந்து தொங்கும் ஒயர்க் கட்டு, இந்த மூன்று இடத்திலும் சுற்றினாலே பாதிச் சத்தம் அடங்கிவிடும். ஃபோம் தடிமனானது. ஒரு மூலையில் திணித்தால் எதிர்மூலை தள்ளிக்கொண்டு வந்து புதுச் சத்தம் தொடங்கும். அதிலும் சாதாரண மெத்தை ஃபோம் தண்ணீரை உறிஞ்சும், சில வருடத்தில் பொடிப்பொடியாகப் பிசுபிசுத்து உதிரும். ஃபோம்தான் வேண்டும் என்றால் தண்ணீர் ஏறாத நியோப்ரீன் போன்ற வகையை வாங்கி, கண்ணுக்குத் தெரியாத பெரிய இடைவெளியில் மட்டும் வையுங்கள். ரேடியோ பலகையைக் கழற்றும்போது அந்த வட்டமான காற்றுத் துவாரங்களைப் பதமாக எடுங்கள். அவற்றின் பின்னால்தான் ஸ்க்ரூ ஒளிந்திருக்கிறது. குளிரில் பழைய பிளாஸ்டிக் சட்டென்று விரிசல் விடும், ஆகவே வண்டி வெதுவெதுப்பாக இருக்கும்போது செய்யுங்கள்.

ஸ்டீயரிங்கிலும், 1994 மாடல் முதல் பயணி பக்கத்திலும் ஏர்பேக் உள்ள வண்டிகள் உண்டு. பேட்டரியைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்துவிட்டே அந்தப் பக்கம் கைவையுங்கள். ஏர்பேக் ஒயர் இணைப்புகளைத் தொடவே வேண்டாம். ஏர்பேக் மூடியின் விளிம்பில் டேப்பும் ஒட்டக் கூடாது.

ரப்பருக்குத் தனி மருந்து. கதவு பீடிங், சாஃப்ட் டாப் முன்விளிம்பு ஆகியவை காய்ந்தால் கிறீச்சிடும். இங்கே டேப்புக்கு வேலை இல்லை. பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். டபிள்யூடி-40 அடித்தால் இரண்டு நாள் அமைதி, மூன்றாம் நாள் பழைய கதை. சிலிகோன் கிரீஸ் நல்லது. கிரைடாக்ஸ் என்ற எண்ணெய் அதைவிட நல்லது, விலைதான் கடிக்கும். ஆனால் சில சொட்டுகள் போதும், எளிதில் காயாது. எதையும் துணியில் எடுத்துத் தடவுங்கள். வண்டிக்குள் ஸ்ப்ரே அடித்தால் கண்ணாடியிலும் ஸ்டீயரிங்கிலும் பெடலிலும் படிந்து வழுக்கும்.

கண்ணாடியைப் பாதி இறக்கினால் கடகடக்கிறதா? அது கதவுக்குள் இருக்கும் வழிகாட்டித் தண்டவாளமும் தாங்கு ரப்பரும் தேய்ந்ததன் அடையாளம். பாகத்தை மாற்றி, சரிசெய்து இறுக்குவதுதான் வழி. பியூட்டில் ஷீட் அங்கே உதவாது. அது தகரத்தின் அதிர்வைக் குறைக்கும், லூஸான பொருளை இறுக்காது. 950 கிலோ அளவே உள்ள ஒரு வண்டியில் பத்து கிலோ ஷீட்டை ஒட்டுவது எனக்கு மனம் ஒப்பாத வேலை.

கடைசியில் பிரேஸ். 1.8 லிட்டர் எஞ்சின் வந்தபோது மாஸ்டாவே உடலுக்குக் கூடுதல் வலு சேர்த்தது. முந்தைய 1.6 வண்டியில் ஸ்டீயரிங்கும் டாஷ்போர்டும் சேர்ந்து நடுங்கினால் பிரேஸ் பலன் தரும். என் வண்டியில் நான் செலவழித்த பணத்தில் மனத்துக்கு நிறைவு தந்தவற்றில் அது ஒன்று. ஆனால் வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள். சாஃப்ட் டாப்பில் விழும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள வடிகால் துளைகள் வழியே கீழே இறங்க வேண்டும். இலையும் மண்ணும் அடைத்தால் தண்ணீர் தேங்கி, கதவுக்குக் கீழே உள்ள பெட்டிச் சட்டம் பின்சக்கரத்தை ஒட்டிய இடத்தில் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வண்டியின் உறுதியே அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. அது இற்றுப்போய் வரும் முனகலை எந்த டேப்பும் பிரேஸும் தீர்க்காது. டேப் வாங்கக் கடைக்குப் போகும் முன், இந்த வாரமே ஒரு குவளைத் தண்ணீரை அந்தத் துளைகளில் ஊற்றிக் கீழே வருகிறதா என்று பாருங்கள்.