தாலிக்கு முன் வழக்கு எண்ணைக் கேளுங்கள்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 29. என் சீனியர் ஒருவர் ஆறு மாதமாக என்மேல் விருப்பம் காட்டுகிறார். அவருக்குத் திருமணமாகி ஒரு பெண் குழந்தை இருக்கிறது. நாங்கள் இருவரும் இந்துக்கள். “அவளுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை, டைவர்ஸ் கேஸ் நடக்கிறது. இப்போதைக்குக் கோயிலில் தாலி கட்டிக்கொள்வோம், வெளியில் சொல்ல வேண்டாம்” என்கிறார். எனக்கும் அவரைப் பிடித்திருக்கிறது. இதெல்லாம் இப்போது குற்றமே இல்லை என்கிறாள் தோழி. ஆனால் ஒளித்துவைத்த தாலியோடு அம்மா முன்னால் எப்படி நிற்பேன்? சட்டப்படி நான் அவருக்கு யார்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், சகோதரி. யாருமில்லை. மணமக்களில் ஒருவருக்குக் கணவனோ மனைவியோ உயிரோடு இருந்து, அந்த மணம் ரத்தாகாமல் இருந்தால், 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 5, 11-ஆம் பிரிவுகளின்படி அடுத்த திருமணம் செல்லாது. கோயிலில் தாலி கட்டினாலும் சரி, 7ஏ பிரிவின்படி சுயமரியாதை முறையில் மாலை மாற்றினாலும் சரி. பல கோயில்களில் முதல் திருமணச் சான்று கேட்பார்கள். அவர் மனதில் வைத்திருக்கும் கோயிலில் கேட்க மாட்டார்கள் போலிருக்கிறது!

தோழி சொல்வது இ.பி.கோ. 497-ஐ. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது உண்மை. ஆனால் அந்தப் பிரிவு அடுத்தவர் மனைவியோடு உறவுகொண்ட ஆணைத்தான் தண்டித்தது. மணமாகாத உங்கள் விஷயத்துக்கு அது என்றுமே பொருந்தியதில்லை. பொருந்துவது இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆம் பிரிவு: மனைவி இருக்க இன்னொரு திருமணம் செய்தால் 7 ஆண்டு வரை சிறை. தெரிந்தே கழுத்தை நீட்டினால் உடந்தை என்று உங்களையும் சேர்க்கப் பார்ப்பார்கள்.

“சரி, சேர்ந்து வாழ்ந்தால்?” என்று அடுத்து கேட்பார். கோயம்புத்தூர் வழக்கான வேலுசாமி – பச்சையம்மாளில் 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: இருவரும் திருமணம் செய்துகொள்ளத் தகுதியுள்ளவர்களாக இருந்தால்தான் குடும்ப வன்முறைச் சட்டப் பாதுகாப்பு. 2013-இல் இந்திரா சர்மா வழக்கில், மணமானவர் என்று தெரிந்தே வாழ்ந்த பெண்ணுக்கு நிவாரணம் மறுக்கப்பட்டது. 2010 தீர்ப்பில் ‘வைப்பு’ என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல் வந்ததை வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங் நீதிமன்றத்திலேயே கண்டித்தார். சொல் கூடாதுதான். ஆனால் ஒளித்த தாலி ஒரு பெண்ணை எந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதை அது காட்டிவிட்டது. உங்கள் அம்மாவைப் பற்றிய கவலையும் அதுதானே?

நாளை அவர் கைவிட்டால், திருமண வாக்குறுதி தந்து ஏமாற்றியதாகப் பாரதிய நியாய சன்ஹிதா 69-இல் புகார் தரலாம். ஆனால் மனைவி இருப்பது தெரிந்தே பழகியவர் ஏமாந்தேன் என்று நிரூபிப்பது கடினம். குழந்தை பிறந்தால் அதற்குப் பெற்றோர் சொத்தில் உரிமை உண்டு. உங்களுக்கு மனைவி என்ற முறையில் வாரிசுரிமை கிடையாது.

அவரைப் பிடித்திருப்பது குற்றமல்ல. என்னை உறுத்துவது வேறு. ஒத்துவரவில்லை என்பதை அவர் வாயால் மட்டும்தான் கேட்டிருக்கிறீர்கள். அந்த மனைவியைக் கூப்பிடாமலே உங்களை எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு எழுதச் சொல்கிறார். கேஸ் நடப்பது நிஜமானால் அதற்கு ஓர் எண் இருக்கும். கேளுங்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டால் அடுத்த வாய்தா வரை தெரியும். விவாகரத்து டிக்ரி வந்து, எதிர்த்து நடந்த வழக்கானால் மேல்முறையீட்டுக்கான 90 நாளும் கழியட்டும். அதுவரை அலுவலக வேலையைத் தவிர வேறு பேச்சு வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். விரும்புகிறவர் பொறுத்திருப்பார்.

வேண்டாம் என்ற பிறகும் தொந்தரவு செய்தால் புகார் தரலாம். 10 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடத்தில் உள்புகார் குழு இருக்க வேண்டும். அதனிடம் 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். செய்திகளை அழிக்காதீர்கள்.

வழக்கு எண் கிடைத்தால் எனக்கு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.